மேலவையும் கீழத்தெருவும்: ஒரு நாள் நடவடிக்கையை வாசித்தல்

நாடாளுமன்ற அவையின் ஒரு நாள் நடவடிக்கையைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கதை, கவிதை, நாவல் இவைதாம் விமர்சனத்துக்கு உரியவை, சபையில் பேசினதும் ஓட்டுப் போட்டதும் தினசரிப் பேப்பருக்கு உரியவை என்று ஒரு பிரிவினை நம் மத்தியில் இருக்கிறது. இதுவும் ஊர், சேரி மாதிரிப் பிரிவினைதான். யாரோ பிரித்துவிட்டுப் போனதை நாம் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மைப் பற்றி இந்த நாட்டில் அதிகமாக எழுதப்பட்டது நாவலிலா? இல்லை. மசோதா, அரசாணை, தீர்ப்பு, அவைக் குறிப்பு, போலீசு எழுதும் முதல் தகவல் அறிக்கை, இவற்றில்தான் நாம் நிறைய எழுதப்பட்டிருக்கிறோம். இவற்றை எழுதினவர்களில் நம்மவர்கள் ரொம்பக் குறைவு. நாவலை வாசிக்கிற மாதிரியே இவற்றையும் வாசிக்க வேண்டும். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யாருக்கு எவ்வளவு நேரம், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் கட்டப்படுகிறது, யார் அங்கே இல்லவே இல்லை என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். 2019 ஜனவரி 9, புதன்கிழமை. இடம்: மாநிலங்களவை, டெல்லி.

1

பனமலை செஞ்சிக்குத் தெற்கே இருக்கிறது. மலை என்று பேர்தான், ஒரு பாறைக்குன்று. அதன் மேலே ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில். கீழே ஏரி. கோயிலில் ஒரு பழைய சுவரோவியம் உண்டு, குடைக்குக் கீழே தலை சாய்த்து நிற்கிற தேவி. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். குன்றின் மேலே இருப்பதைப் பற்றி எழுதினவர்கள் நிறையப் பேர். நான் குன்றுக்குக் கீழே இருக்கிறவன்.

அன்றைக்கு அறுவடை நேரம். நாடு முழுக்க மத்தியத் தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தத்துக்கு இரண்டாவது நாள். கூலி வேலைக்குப் போய்த் திரும்பினவர்கள் எங்கள் தெருவில் மாலைப் பாடம் நடக்கிற கொட்டகையில் வந்து உட்கார்ந்தார்கள். கலைஞர் ஆட்சியில் கொடுத்த டிவி ஒன்று அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது: ஏழைகளுக்குப் பத்து சதவீத இடஒதுக்கீடு, மாநிலங்களவையில் விவாதம்.

எங்க பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். பெரியம்மா கேட்டாங்க:

"ஏழைங்களுக்கா? அப்ப நமக்குந்தான?"

"நமக்கு இல்ல பெரிம்மா."

"ஏன், நம்ம ஏழ இல்லியா?"

"நம்ம ஏழதான். ஆனா அந்த ஏழ வேற."

"அது இன்னாடா அது, ஏழையில வேற ஏழ?"

நான் அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்தக் கட்டுரை அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

2

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 7 திங்கள்கிழமை மத்திய அமைச்சரவை ஒப்புதல். 8 செவ்வாய்க்கிழமை மக்களவையில் வைத்து, பேசி, அன்றைக்கே நிறைவேற்றம். ஆதரவு 323, எதிர்ப்பு 3. மாநிலங்களவையின் கூட்டத்தொடர் அந்த 8ஆம் தேதியோடு முடிய வேண்டியது. இந்த மசோதாவுக்காகவே ஒரு நாளை நீட்டினார்கள். 9ஆம் தேதி அங்கே விவாதம், இரவில் ஓட்டெடுப்பு. ஆதரவு 165, எதிர்ப்பு 7. 12ஆம் தேதி குடியரசுத் தலைவரின் கையெழுத்து. 14ஆம் தேதி அமலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் போகி. நாம் இங்கே பழையதை எரித்துக்கொண்டிருந்தபோது அரசியல் சட்டத்தில் 15(6), 16(6) என்று இரண்டு புது உட்பிரிவுகள் ஏறிவிட்டன. 103ஆவது திருத்தம் என்று அதற்குப் பேர்.

அரசியல் சட்டத்தைத் திருத்துவது பஞ்சாயத்துத் தீர்மானம் போடுகிற வேலை இல்லை. ஆராய்ந்து பார்க்கத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம். அனுப்பச் சொல்லித் தி.மு.க. உறுப்பினர் கனிமொழி தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு ஆதரவு 18, எதிர்ப்பு 155. யோசிக்க நேரம் கொடுங்கள் என்பதுதான் அந்தத் தீர்மானம். யோசிக்க மாட்டோம் என்று 155 பேர் ஓட்டுப் போட்டார்கள்.

மேலவை எதற்கு என்று பாடப்புத்தகத்தில் சொல்லியிருப்பார்கள். கீழவை அவசரப்பட்டால் மேலவை நிதானப்படுத்தும், வேகத்துக்கு ஒரு தடை போடும், இரண்டாவது தடவை யோசிக்க வைக்கும் என்று. அன்றைக்கு அந்த வேலை நடக்கவில்லை. கீழவைக்கு ஒரு நாள், மேலவைக்கு ஒரு நாள். பாடப்புத்தகம் சொன்ன ஒரே காரணமும் அன்றைக்குப் போனது.

ஆளுங்கட்சி அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் கிரிக்கெட்டை உதாரணம் சொன்னார். கடைசி ஓவர்களில்தான் சிக்சர் அடிப்பார்கள், இன்னும் வரும் என்ற பொருளில் பேசினார். தேர்தலுக்கு மூன்று மாதம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம். ராஷ்டிரிய ஜனதா தளத்தின் மனோஜ் ஜா ஒரு கிலுகிலுப்பையைக் கொண்டுவந்து அவையில் காட்டினார், இதைத்தான் குழந்தைக்குக் காட்டுகிற மாதிரிக் காட்டுகிறீர்கள் என்று. காங்கிரசுக்காரர்கள் அவசரத்தைக் குறை சொன்னார்கள். குறை சொல்லிவிட்டு ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அ.தி.மு.க. எதிர்த்துப் பேசியது. பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது.

இந்த வெளிநடப்பைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் மசோதா தோற்றிருக்காது, அது சரி. ஆனால் குறிப்பில் 7 என்பது 20 ஆகியிருக்கும். பின்னால் வருகிற பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்போது, தமிழ்நாடு இத்தனை பேராக நின்றது என்று இருந்திருக்கும். வெளிநடப்பு எண்ணிக்கையில் வராது. பேசினதுக்கு ஒரு கணக்கு, டெல்லிக்காரர் முகம் கோணாமல் இருக்க இன்னொரு கணக்கு. நம்ம ஊரில் சண்டை வரும்போது வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் "நான் ஒங்க பக்கந்தான்" என்று சொல்லுகிற ஆண்டைகளை நமக்குத் தெரியாதா?

3

இதே அவையில் இன்னொரு நாள். 2012 டிசம்பர் 17. அன்றைக்கும் ஓர் அரசியல் சட்டத் திருத்தம், 117ஆவது திருத்த மசோதா. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்குப் பதவி உயர்வில் இடஒதுக்கீட்டைக் காப்பாற்றுகிற மசோதா. அதற்கும் மாநிலங்களவையில் ஆதரவு 206, எதிர்ப்பு 10. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் மேலவை நம்ம அவை என்று தோன்றும்.

அது ஏன் வேண்டியிருந்தது என்று பார்ப்போம். 2006இல் நாகராஜ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: பதவி உயர்வில் ஒதுக்கீடு கொடுப்பதானால், முதலில் இவர்கள் பின்தங்கியவர்கள் என்று புள்ளிவிவரத்தோடு காட்டு. போதுமான அளவு இவர்கள் அங்கே இல்லை என்று காட்டு. நிர்வாகத் திறன் கெடாது என்று காட்டு. அதாவது, பறையனும் சக்கிலியனும் பின்தங்கினவன் என்பதற்கே அத்தாட்சி வேண்டும். 2012 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் கொடுத்திருந்த பதவி உயர்வு ஒதுக்கீட்டை அந்த அத்தாட்சி இல்லை என்று சொல்லி உச்சநீதிமன்றம் தள்ளியது. அதைச் சரிசெய்யத்தான் 117.

மேலவை தாண்டின மசோதா கீழவைக்குப் போயிற்று. அங்கே டிசம்பர் 19ஆம் தேதி புதுச்சேரியைச் சேர்ந்த அமைச்சர் நாராயணசாமியின் கையில் இருந்த மசோதாக் காகிதத்தையே சமாஜ்வாதி உறுப்பினர் ஒருவர் பிடுங்கினார். அதோடு சரி. ஓட்டெடுப்பே நடக்கவில்லை. 2014இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் செத்தது. பிறகு வந்த அரசு அதை எடுக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஜர்னைல் சிங் வழக்கில்தான், பட்டியல் சாதியும் பழங்குடியும் பின்தங்கியவர்கள் என்பதற்குத் தனிப் புள்ளிவிவரம் வேண்டாம் என்று நீதிமன்றம் இறங்கி வந்தது. போதுமான பிரதிநிதித்துவம் இல்லை என்று காட்டுகிற சுமை அப்போதும் நம் தலைமேலேயே இருந்தது.

இப்போது இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நமக்கு வந்த மசோதா மேலவையில் பெருவாரியாக நிறைவேறிக் கீழவையில் காகிதமாகக் கிழிபட்டது. மற்றவர்களுக்கு வந்த மசோதா இரண்டு அவைகளையும் இரண்டே நாளில் தாண்டிற்று. நம்மிடம் கணக்குக் கேட்டார்கள். இவர்கள் அரசு வேலையில் குறைவாக இருக்கிறார்களா என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஐம்பது சதவீதத்துக்கு மேலே போகக்கூடாது என்பது 1992 இந்திரா சாஹ்னி வழக்கிலிருந்து நம் முன்னால் எழுப்பி வைத்த சுவர். அதே தீர்ப்பில்தான், நரசிம்ம ராவ் அரசு 1991இல் பொருளாதார அடிப்படையில் கொண்டுவந்த பத்து சதவீதமும் செல்லாது என்று ஒன்பது நீதிபதிகள் இருந்த அமர்வு சொன்னது. 2019இல் அந்தச் சுவரில் அவர்களுக்கு ஒரு வாசல் வைத்துக் கொடுத்தார்கள். சுவர் நமக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

4

இந்த அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? தோழர்கள் பலருக்கே தெரியாத ஒரு சங்கதி உண்டு. மக்களவையில் நமக்குத் தனித்தொகுதி உண்டு, அரசியல் சட்டம் 330ஆவது பிரிவு. சட்டப்பேரவையில் உண்டு, 332ஆவது பிரிவு. மாநிலங்களவையில் கிடையாது. மாநிலங்களில் இருக்கிற மேலவைகளிலும் கிடையாது. ஓர் இடம்கூட இல்லை. கட்சித் தலைமை மனசு வைத்தால் ஒருத்தரை அனுப்பும், வைக்காவிட்டால் இல்லை. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடம். அவர்களைத் தேர்ந்தெடுக்கிற சட்டப்பேரவையில் பட்டியல் சாதிக்கு 44 தொகுதி, பழங்குடிக்கு 2. இந்த 46 பேர் ஒரு பக்கமாக நின்றால் தாங்களே ஒருவரை அனுப்பிவிடலாம். ஆனால் அவர்கள் 46 பேராக என்றைக்கும் இருந்ததில்லை. ஒவ்வொருவரும் அவரவர் கட்சியின் கைதான். 1932இல் பூனாவில் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுக்க வைத்ததன் பலன் இங்கே வந்து நிற்கிறது.

மாநில மேலவையின் கதை இன்னும் சுவாரசியம். அரசியல் சட்டம் 171ஆவது பிரிவுப்படி மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சிக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றில் ஒரு பங்கைப் பேரவை உறுப்பினர்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகள், பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள். மிச்சம் ஆளுநர் நியமனம். ஒரு நாடு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே பட்டதாரிக்கு மட்டும் தனியாக இன்னொரு ஓட்டுக் கொடுக்கிறது. 1952இல் எங்கள் சேரியில் பட்டதாரி யார்? பத்தாவது படித்தவன் யார்? படிப்பை நமக்கு மறுத்தவர்களே, படித்தவர்களுக்கு என்று ஓர் அவையையும் கட்டிக்கொண்டார்கள்.

அந்த அவைக்குப் பின்வாசலும் உண்டு. 1952 பொதுத்தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் சென்னை மேலவைக்கு நியமனம் செய்தார். அதன் வழியாக அவர் முதலமைச்சர் ஆனார். அடுத்த வருசமே பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று தமிழ்நாடே எதிர்த்து, 1954இல் அவரே வெளியேற வேண்டியதாயிற்று. மேலவையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலைப் பாதி சாத்தினார் என்பதை மேலவையின் வரலாற்றில் ஒரு பக்கமாக எழுதி வைக்க வேண்டும்.

1986இல் எம்.ஜி.ஆர். அரசு அந்த மேலவையை ஒழித்தது. நவம்பர் 1 முதல் இல்லை. ஒழித்ததற்கான காரணம் நம்மை வைத்து வந்தது அல்ல, அவர்கள் கட்சிச் சண்டையில் வந்தது. 2010இல் தி.மு.க. அரசு மறுபடியும் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நாடாளுமன்றமும் சட்டம் செய்தது. 2011இல் ஜெயலலிதா வந்து வேண்டாம் என்றார். வந்தபோதும் போனபோதும் சேரியில் யாரும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. மேலவை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் பேசினவர்கள், அது வந்தால் அதில் பட்டியல் சாதிக்கு இடம் எத்தனை என்று பேசவில்லை.

5

மாநிலங்களவை நமக்கு அப்படியே அந்நியமான இடம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த அவையில் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். 1952 தேர்தலில் வடக்கு பம்பாய்த் தொகுதியில் அவரைத் தோற்கடித்தார்கள். அதே ஆண்டு பம்பாய் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்கு வந்தார். சாகும்வரை உறுப்பினர். அரசியல் சட்டத்தை எழுதியவருக்கு மக்களவையில் இடம் இல்லை, மேலவையில்தான் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவர் சொன்னவை மேலவையின் குறிப்புகளிலேயே மிகக் கனமானவை.

1953 செப்டம்பர் 2. ஆந்திர மாநில மசோதா மீது விவாதம். நீங்கள்தானே அரசியல் சட்டத்தை எழுதினீர்கள் என்று அவர் வாயை அடைக்கப் பார்த்தார்கள். சொன்னதைச் செய்தேன், என் விருப்பத்துக்கு மாறாகவும் நிறையச் செய்தேன், இதை எரிப்பதானால் முதல் ஆளாக நான் வருவேன் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். 1955 மார்ச் 19ஆம் தேதி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அதே அவையில் கேட்டபோது விளக்கினார்: தெய்வத்துக்கு என்று கோயில் கட்டினோம், தெய்வம் குடியேறும் முன்னே அசுரர்கள் புகுந்துகொண்டால் கோயிலை இடிப்பதைத் தவிர வேறு என்ன செய்வது?

பனமலையில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது எனக்கு வேறு ஒன்று படுகிறது. கோயில் என்கிற உவமையை அவர் சும்மா எடுக்கவில்லை. கல் சுமந்தவன் யார், கட்டினபின் உள்ளே போனவன் யார் என்று தெரிந்தவர் எடுத்த உவமை அது. அரசியல் சட்டம் என்ற கோயிலுக்குக் கல் சுமந்தவர் அவர். 2019 ஜனவரி 9 அன்று அதே அவையில் அதன் சமத்துவப் பிரிவுகளில் கைவைத்தபோது, சாதியால் ஒதுக்கப்பட்டவனைத் தவிர மற்ற ஏழைக்கு என்று எழுதினார்கள். ஏற்கனவே உங்களுக்குத்தான் இருக்கிறதே என்று காரணம் சொன்னார்கள். நமக்கு இருப்பது ஏழை என்பதற்காக வந்தது அல்ல. தெருவில் நடக்க விடாததற்கு, கிணற்றில் மொள்ள விடாததற்கு, பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைத்ததற்கு வந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்துதான், பொதுத்தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று அரசாணை வந்தது. தெருவில் நடக்கவே ஒரு சபையில் தீர்மானம் போட வேண்டியிருந்த கூட்டத்துக்குக் கொடுத்த பரிகாரத்தை, வருமானச் சான்றிதழோடு சேர்த்து ஒரே தராசில் வைத்தார்கள். அதுதான் அன்றைய நாளின் உண்மையான வேலை.

இன்னொரு நாளும் உண்டு, 2017 ஜூலை 18. உத்தரப் பிரதேசம் சகாரன்பூரில் தலித்துகள் மீது நடந்த தாக்குதலைப் பற்றி மாயாவதி மாநிலங்களவையில் பேச எழுந்தார். மூன்று நிமிடம் என்றார்கள். நேரம் முடிந்தது, உட்காருங்கள் என்றார்கள். என் சமூகத்தைப் பற்றிப் பேச முடியாத அவையில் எனக்கு என்ன வேலை என்று அன்றைக்கே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 2017இல் நமக்கு மூன்று நிமிடம். 2019இல் அவர்களுக்காக ஒரு முழு நாள் நீட்டிப்பு. மேலவையின் கடிகாரத்தில் மணி எப்படி ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

6

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏழையில் என்ன வேற ஏழை?

சட்டத்தில் ஏழை யார் என்று எழுதவில்லை, அரசு அவ்வப்போது சொல்லும் என்று விட்டார்கள். அந்த மாதமே அரசு சொன்னது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குக் கீழே. அன்றைக்கு இரண்டரை லட்சத்துக்கு மேலே சம்பாதித்தால் வருமான வரி வரம்புக்குள் வந்துவிடுவான். வரி கட்டுகிற ஏழை! எங்க பெரியம்மாவுக்கு அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குச் சட்டப்படி நாள் கூலி 224 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்திருந்தாலும் 22,400. எட்டு லட்சம் சேர்க்க அவங்க முப்பத்தைந்து வருசத்துக்கு மேல ஏரிக்கரையில மண்ணு சுமக்கணும். ஆனால் பெரியம்மா சட்டப்படி அந்த ஏழை இல்லை.

இது எங்கே போய் முடியும் என்று 2019 ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. பாரத ஸ்டேட் வங்கியின் எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வு முடிவு வந்தது. தமிழ்நாட்டில் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 61.25. பிற்படுத்தப்பட்டோருக்கு 61.25. பட்டியல் சாதிக்கும் 61.25. பழங்குடிக்கு 53.75. இந்தப் புது ஏழைக்கு 28.5. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கச்சி மகள் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, ஒதுக்கீடு இருக்கறதாலதான் நீங்க கம்மி மார்க்குல உள்ள வர்றீங்கன்னு காலேஜ்ல சொல்லுவாங்க. இங்க நம்மளும் அறுவத்தொண்ணு, பொதுவும் அறுவத்தொண்ணு. இருபத்தெட்டு வாங்கனவங்களப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சொல்லமாட்டார்கள். தகுதி, திறமை என்கிற சொல்லுக்கு நாற்பது வருசமாக நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் அன்றைக்கு எங்கே போயிற்று? அந்தச் சொல்லின் அர்த்தம் மதிப்பெண்ணில் இல்லை, யாருடைய மதிப்பெண் என்பதில் இருக்கிறது.

உச்சநீதிமன்றம் 2022 நவம்பர் 7ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. மூன்று பேர் செல்லும் என்றார்கள். தலைமை நீதிபதி லலித், நீதிபதி ரவீந்திர பட் இருவரும் செல்லாது என்றார்கள். பட் எழுதின மாறுபட்ட தீர்ப்பில் சின்ஹோ ஆணையத்தின் புள்ளிவிவரம் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே பட்டியல் சாதியில் 38 சதவீதம், பழங்குடியில் 48, பிற்படுத்தப்பட்டோரில் 33, பொதுப்பிரிவில் 18. ஏழைகளுக்கு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஏழைகளில் பெரும்பாலோரைச் சாதி பார்த்து வெளியே நிறுத்துவது சமத்துவம் ஆகாது என்பது அவர் வாதம். பெரியம்மா நாலு வருசத்துக்கு முன்னால் கொட்டகையில் கேட்டதும் இதுதான். ஒரு வித்தியாசம், பெரியம்மாவின் கேள்வி எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை.

7

எதிரியை மட்டும் வாசித்துவிட்டு முடித்தால் இது விமர்சனம் ஆகாது. நம்மையும் வாசிக்க வேண்டும்.

அந்த மசோதாவை அவையில் முன்மொழிந்த அமைச்சர் தாவர்சந்த் கெலாட். நம்மவர். ஆதரித்துப் பேசியவர்களில் ராம்தாஸ் அத்வாலே, தலித் சிறுத்தைகள் இயக்கத்தில் வளர்ந்தவர். மாயாவதியின் பகுஜன் சமாஜ் கட்சியும் ஆதரித்தது. மூன்று நிமிடத்துக்காக அவையை விட்டு வெளியே வந்தவரின் கட்சி, ஒன்றரை வருசம் கழித்து அதே அவையில் இதற்குக் கை தூக்கியது. தனியாக ஆட்சிக்கு வர முடியாது, மேல்சாதி ஓட்டும் வேண்டும் என்கிற கணக்குப் புரிகிறது. புரிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. மேலவையில் நமக்கு நாற்காலி வேண்டும் என்று கேட்கிற அதே மூச்சில், நாற்காலியில் உட்கார்ந்தவனை யார் கேள்வி கேட்பது என்பதையும் நாம் யோசித்தாக வேண்டும்.

எதிர்த்தவர்களையும் விட வேண்டாம். தி.மு.க. டெல்லியில் எதிர்த்தது, தீர்ப்பு வந்தபின் 2022 நவம்பரில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு நிராகரித்தது. நல்லது, வரவேற்கிறோம். அடுத்த மாதம் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2023இல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம்மவர்களை அடித்தார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அடித்தவனைத் தடுக்க முடியாமல் சாமியைப் பூட்டின சமூகநீதி அது. நீதிமன்றம் சொல்லித்தான் பிறகு கதவு திறந்தது. மேலவையில் பேசுகிற சமூகநீதி கீழத்தெருவுக்கு வந்து சேர எத்தனை மைல் என்று தி.மு.க. தோழர்கள்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? மாநிலங்களவையிலும், இருக்கிற மாநில மேலவைகளிலும் பட்டியல் சாதி, பழங்குடிகளுக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்பதை ஒரு கோரிக்கையாகவே இன்னும் நாம் சரியாக எழுப்பவில்லை. அதை எழுப்ப வேண்டும். அதற்கும் முன்னால் இந்தக் குறிப்புகளை வாசிக்கப் பழக வேண்டும். அம்பேத்கர் பேச்சைச் சிலைக்கு மாலை போடுகிற அன்று மட்டும் எடுக்காமல், அவர் எந்த நாளில், எந்த மசோதா மீது, யார் குறுக்கிட்டபோது அப்படிச் சொன்னார் என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

கொட்டகையில் இதை ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள் நடவடிக்கையை எடுத்து, தங்கச்சி மகளும் இன்னும் மூன்று நாலு பிள்ளைகளும் தமிழில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்கிறோம். போன வாரம் 2012 டிசம்பர் 17. பெரியம்மா கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. காகிதத்தைப் பிடுங்கின இடம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"பிடுங்கனவன அன்னிக்கி ஓட்டுப் போட்ட எரநூத்தி ஆறு பேருல ஒருத்தனும் கேக்கலியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து தொடங்குகிறோம்.